குட்மேய்ஸ் முதல் ஹீத்ரோ வரை கைட் அண்ணை

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு மற்றவர்களைப் பற்றிப் பேசலாம். பத்தொன்பது வயதுவரை வெறுங்காலோடு திரிந்த தீவுக்கு, 'வெப்பமண்டலச் சொர்க்கத்தில் பத்து நாட்கள், காலை உணவு உட்பட' என்ற விளம்பரத்தைப் பார்த்து, பொத்தானை அமுக்கி, சுற்றுலா போனவன் நான். போகுமுன் வீட்டில் எல்லோருக்கும் வைக்கோல் தொப்பி வாங்கினேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு பெண் மாலை போட்டு, கைகூப்பி, முதல் தடவையாகவா வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமென்று தலையாட்டினேன். இல்லையென்றால் மாலையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயம்.

என் மூளை அவ்வளவுதான். ஆனால் எனக்கு வாய்த்த வழிகாட்டி சாதாரணப்பட்டவர் அல்ல. இலங்கைத் தீவுக்குப் போகிறவர்களுக்கு யோசனை சொல்வதில் அவரை அடிக்க இந்த லண்டனில் ஆள் கிடையாது. அவரே அந்தத் தீவில் கால் வைத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது என்பது வேறு விஷயம். கைட் அண்ணை என்றால் குட்மேய்ஸிலும் மனோர் பார்க்கிலும் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும் இருந்தது.

அவர் மினிகாப் ஓட்டினார். ஏழு பேர் இருக்கக்கூடிய வான். அதற்கு முன் சுவிஸில் பத்து வருடம் கோப்பை கழுவியவர் என்பதால் லண்டனில் எதைக் கண்டாலும் "சுவிஸில உப்பிடி இல்லை" என்பார். சுவிஸில் இருந்தபோது எதைப் புகழ்ந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க இருக்கேக்க லண்டனை" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஆடி, ஆவணி வந்தால் நம்மவர் வீடுகளில் பெட்டி கட்டுவார்கள். ஊருக்குப் போவதை முன்பெல்லாம் 'ஊருக்குப் போறம்' என்றார்கள். இப்போது 'ஹொலிடே போறம்' என்கிறார்கள். எந்தப் பெயரில் போனாலும் ஹீத்ரோவுக்குக் கைட் அண்ணையின் வானில்தான் போக வேண்டும். கதவு சாத்தப்பட்ட கணத்திலிருந்து பாடம் ஆரம்பமாகும். இறங்கி ஓட முடியாது. பாடம் முடியுமுன் விமான நிலையம் வந்துவிடும்போலத் தெரிந்தால், ஹாங்கர் லேன் சுற்றுவட்டத்தில் இன்னொரு சுற்று சுற்றுவார். அப்படி ஒரு குடும்பம் விமானத்தையே தவறவிட்டது என்று ஒரு கதை உலவியது. உண்மையா என்று கேட்டால் அவர் மறுக்கமாட்டார். "அவையள் இடையில கேள்வி கேட்டவை" என்பார்.

அவருடைய ஆலோசனைகள் எல்லாம் அவர் புறப்பட்ட அன்றைக்கு உறைந்துபோனவை. காற்சட்டை போடாதே, அங்கே காற்சட்டையோடு திரிகிறவன் வெள்ளைக்காரன் அல்லது விசரன். இளநீருக்கு ஸ்ட்ரோ கேட்காதே. நன்றி சொல்லாதே, சொன்னால் விலை ஏறும். சென்றியில் இராணுவம் சோதனைக்கு இறக்கினால் நடந்து போ, ஓடாதே, சிரிக்காதே. முக்கியமாகச் சிரிக்காதே. பெட்டியில் மறக்காமல் டோர்ச் பற்றரியும் மெழுகுதிரியும் சவர்க்காரமும் வை. சண்டைக் காலத்தில் வடக்குக்குப் பற்றரி கொண்டுபோவது குற்றம் என்பதால் அது தங்கத்துக்குச் சமம். சண்டை முடிந்து ஊரெல்லாம் சோலார் பூட்டிய பிறகும் கைட் அண்ணையின் பயணிகள் பற்றரி சுமந்துகொண்டே இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டு அலுமாரியைத் திறந்து எனக்குக் காட்டினார். அதில் இருந்த பற்றரியை வைத்து ஒரு ரயில் ஓட்டலாம். "லண்டனில பற்றரி மரத்தில காய்க்குதோ?" என்று கேட்டார்.

நாங்கள் புறப்பட்ட அன்றும் பாடம் நடந்தது. முன் இருக்கையில் நான், பின்னால் என் மனைவி சாந்தி, அவளுக்குப் பக்கத்தில் மகள் அபி. அண்ணை கண்ணாடியில் அபியைப் பார்த்தார்.

"பிள்ளை, ஹெலி சத்தம் கேட்டால் ஓடக்கூடாது. சுவரோட ஒட்டிப் படுக்க வேணும். விளங்குதே?"

"பட் மாமா, வீ ஆர் கோயிங் டு சீ டொல்ஃபின்ஸ்."

"டொல்ஃபின் பார்க்கேக்கையும்தான்."

படகில் சுவருக்கு எங்கே போவது என்று சாந்தி முணுமுணுத்தாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு எனக்குப் பிறகு கூலி கிடைத்தது. ஒரு கடற்கரையில், பணக்காரப் பயணிகளுக்கு வானத்திலிருந்து தீவைச் சுற்றிக் காட்டும் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். வைக்கோல் தொப்பியோடு ஒரு மனிதன் மட்டும் குளிர்பானக் கடைச் சுவரோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தான். அந்த மனிதனுக்கு அண்ணையின் பாடம் தேவைப்படவில்லை. உடம்பு தன்பாட்டில் படுத்துவிட்டது. சாந்தி பக்கத்தில் நின்றவர்களிடம் எனக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிச் சமாளித்தாள்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஏன் ஒருமுறைகூடப் போகவில்லை? வடக்குக் கரையில் அவருடைய ஊர். சண்டையின்போது இராணுவத்தினர் சனத்தை எழுப்பிவிட்டு, ஊரைச் சுற்றி முட்கம்பி அடித்து எடுத்துக்கொண்டார்கள். சண்டை முடிந்து, வருடத்துக்கு ஒரு துண்டாகக் காணிகளை விட்டார்கள். விடுகிற செய்தி வருகிறபோதெல்லாம் வானில் ரேடியோச் சத்தம் கூடும். பயணிகள் பேச்சை நிறுத்துவார்கள். பக்கத்து ஊரை விடுவார்கள், பக்கத்து ஒழுங்கையை விடுவார்கள். அண்ணையின் ஒழுங்கை மட்டும் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றது.

"வீடு திறக்கட்டும், போறன்" என்பதுதான் அவருடைய பதில். பிறத்தியார் வீட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு தன் ஊரை எட்டிப் பார்க்க அவருக்கு மனமில்லை. அவருடைய மனைவி தன் தங்கை வீட்டுக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டார். அவரையும் அண்ணைதான் ஹீத்ரோவில் இறக்கினார். சொந்த மனைவிக்கும் ஹாங்கர் லேனில் ஒரு சுற்று உண்டு.

வீடு என்று சொன்னாலும் அவர் பேசுவது கிணற்றைத்தான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிணறு. ஊரிலுள்ள மற்றக் கிணறெல்லாம் உவர், அது மட்டும் நல்ல தண்ணீர். ஒழுங்கையே வந்து அள்ளும். கிணற்றுக்கட்டிலே அவருடைய அப்பா சீமெந்து காய்வதற்குள் சிப்பிகளை வட்டமாகப் பதித்திருந்தாராம். லண்டன் குழாய்த் தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு அண்ணை முகத்தைச் சுளிப்பார். சுவிஸ் தண்ணீருக்கு இரண்டாம் பரிசு கொடுத்திருந்தார். முதல் பரிசு யாருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை; கேட்டால் விமானம் போய்விடும்.

எனக்கு ஊரில் வீடு இல்லை. என் ஆட்கள் எல்லோரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஆகையால் வடக்கிலும் இரண்டு இரவு ஹொட்டேலில் போட்டிருந்தேன், புதிதாகத் திறந்த கடற்கரை ஹொட்டேல். அன்று ஹாங்கர் லேனில் வாகனங்கள் தேங்கி நின்றபோது, பெருமை தாங்காமல் போனை எடுத்து அண்ணைக்குப் படங்களைக் காட்டினேன். குளம்போல நீச்சல் தடாகம். வெள்ளைக் குடைகள். ஒரு பழைய கிணற்றைச் சுற்றி மேசை நாற்காலிகள்.

அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். இரண்டு விரலால் படத்தை விரித்தார். கிணற்றுக்கட்டு பெரிதாகி வந்தது. அதில் சிப்பிகள்.

"உது எங்கட காணி" என்றார்.

விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பானது. வான் நகரவில்லை. பின்னால் நின்ற லொறிக்காரர் லண்டன் லொறிக்காரர்கள் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்தார். அண்ணை போனைத் திருப்பித் தந்துவிட்டு வண்டியை எடுத்தார்.  மனிதர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணை, கான்சல் பண்ணட்டோ?"

"காசு திருப்பித் தருவாங்களே?"

"இல்லை."

"பிறகென்ன. போ."

வான் விமான நிலையச் சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது. பாடம் தொடர்ந்தது, ஆனால் இம்முறை அது வீட்டுக்காரர் விருந்தாளிக்குச் சொல்லும் பாடம். கடல் பக்கத்து அறை கேட்காதே, வெயில் காயும். பின்பக்கம் கேள், அங்கே வேம்பங்காற்று வரும். இடது கைப்பக்கம் கடலில் இறங்காதே, தண்ணீருக்குள் பார்க்கல் இருக்கிறது, காலை வெட்டும். பிள்ளைக்கு ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் தலையில் வார், சளி பிடிக்காது. அவர் பெட்டிகளை இறக்கி வைத்தார். அபியின் தொப்பியைச் சரிசெய்தார். "வேம்பு நிக்குதோ தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வானில் ஏறினார்.

வாசகர்களே, நான் கட்டளையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன். கம்பி வேலிக்குள் இராணுவம் நடத்துகிற அந்த ஹொட்டேலில் பின்பக்க அறை கேட்டேன். வரவேற்பறைப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பின்பக்கம் டிரைவர்கள் படுக்கிற இடமாம். வேம்பு நின்ற இடத்தில் ஜெனரேட்டர் நின்றது. வேம்பங்காற்று என்று நினைத்துக்கொண்டு அதன் சத்தத்தில் இரண்டு இரவும் படுத்தேன். கடலில் இடப்பக்கம் இறங்கவில்லை. கிணற்றுக்குத்தான் வாளி கிடைக்கவில்லை. அதை மேலே கண்ணாடி போட்டு மூடி, உள்ளே நீல விளக்கு எரியவிட்டிருந்தார்கள். 'பாரம்பரியக் கிணறு, தொட வேண்டாம்' என்று பலகை. அதைச் சுற்றியிருந்த மேசைகளில் எங்கோ மலைநாட்டில் அடைத்த போத்தல் தண்ணீரை ஐஸ் போட்டு வைத்தார்கள்.

மேலாளரிடம் ஒரு வாளி கேட்டேன். குளிக்கத் தடாகம் இருக்கிறது, கிணறு பார்ப்பதற்கு மட்டும் என்று நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். யாருடைய கிணறு என்று கேட்டேன். மிகவும் புராதனமானது, மன்னர்கள் காலமாக இருக்கலாம் என்றார். பக்கத்து மேசை ஜெர்மன்காரர் உடனே எழுந்து அதை மரியாதையோடு படம் எடுத்தார். தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த கைட் அண்ணையின் அப்பா, என் கண்ணெதிரே முடிசூடிக்கொண்டார்.

அப்போதே நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? நான் எழுந்தேன். காலை உணவு கட்டணத்தில் அடக்கம் என்பதால் இன்னொரு தட்டு அப்பம் எடுத்துவந்தேன். சொன்னேனே, என் மூளை அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது அண்ணை வருகை வாசலுக்கே வந்து நின்றார். அவர் வானை விட்டு இறங்குகிறவர் அல்ல. போன் அடித்து 'வெளியில வா' என்பவர். பெட்டியைக்கூட வாங்காமல் கேட்டார்.

"கிணறு?"

"இருக்கு அண்ணை. கண்ணாடி போட்டு மூடி வச்சிருக்கினம்."

"மண் போட்டுத் தூர்க்கேல்லை."

"இல்லை. தூர்க்கேல்லை."

"தண்ணி குடிச்சனியே?"

"விடேல்லை அண்ணை. போத்தல் தண்ணிதான் தருகினம்."

வழியெல்லாம் எல்லாவற்றையும் சொன்னேன். வேம்பு இல்லை என்றதும் தலையை மட்டும் ஆட்டினார். மன்னர் கதைக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பு வெடித்தது. ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். "ராசாவாம். எங்கட அப்பர் ராசாவாம். மனுசன் சாகுமட்டும் ஒரு சைக்கிளைத் தவிர ஒண்டுமில்லாமல் இருந்தவர்" என்று சாந்தியிடம் திரும்பிச் சொன்னார். பிறகு ஒரு கையால் கண்ணைத் துடைத்தார். சிரித்ததால்தான் கண்ணீர் என்று நாங்கள் எல்லோரும் பேசாமலே தீர்மானித்துக்கொண்டோம். அபிகூட.

இவ்வளவு காலமும் அவருடைய பாடங்களை நான் கேலி செய்துவந்தேன். எழுதியும் காசு பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். ஆனால் அன்று எங்கள் வீட்டு வாசலில் அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, அபி தூங்குகிறாள் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தியபோது, இந்த மனிதரை ஒரே ஒரு பொழுதாவது அந்தக் காணியில் கொண்டுபோய் விட வேண்டும் என்று எனக்கு அடக்கமுடியாத ஆசை வந்தது. அவருக்கு யோசனை சொல்ல நான் யார் என்பதையும் மறந்துபோனேன்.

"அண்ணை, ரெண்டு நாள் போய் நிண்டிட்டு வாங்கோவன். செலவு என்ர. நானே புக் பண்ணித் தாறன்."

அவர் வானின் பின்கதவை இழுத்துச் சாத்தினார்.

"என்ர வீட்டுக்குப் போக எனக்கு என்னத்துக்கடா புக்கிங்?"