வரிக்குதிரையும் என் வலது கண்ணும்

காரைக்குடியில் பளபளப்பாக இருக்கும் எந்தப் பொருளும் வரிக்குதிரையிடம் பொய் சொல்லித் தப்பியதில்லை.

நான் ஆபீஸ் வேலை பார்த்த கார் பட்டறையில், பெயின்ட் முடிந்த வண்டிகளைப் பார்த்து ‘சரி’ சொல்பவர் அவர். கையில் எப்போதும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஓர் அட்டை. பெயரும் அப்படி வந்ததுதான். அட்டையைக் கதவுக்கு எதிரே பிடிப்பார். பிரதிபலிப்பில் கோடு நேராக இருந்தால் கதவு சமம். முடியளவு பள்ளம் இருந்தாலும் கோடு நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் முதலாளி புதுக் காரில் வந்து இறங்கினார்.

“இந்தக் கதவுல பள்ளத்த அடைச்சுப் பட்டி பாத்துருக்காகளே மொதலாளி!”

“போன வாரம் எடுத்த வண்டிய்யா!”

“கோடு சொல்லுதுங்க.”

அரை மணியில் முதலாளியம்மா எனக்குப் போன் செய்தார். அவர்தான் வீட்டு கேட்டில் இடித்து, ரகசியமாக வேறு பட்டறையில் சரிசெய்திருந்தாராம். “மொதல்ல அந்தாளு அட்டையப் புடுங்குங்க!”

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகாமல் மனுஷர் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவருக்கு அட்டை காட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன, செவத்துக்குப் படம் காட்டுறீக?” என்றார் வீட்டு ஆச்சி.

“எங்க காரவிட ஒங்க செவரு சமமா இருக்கு ஆச்சி.”

அவர் இலையில் மட்டும் கந்தரப்பம் மூன்று விழுந்தது.

அந்த வருஷம் நான் மூன்றாவது முறையாகக் கண்ணாடி மாற்றினேன். அப்படியும் எழுத்து இரட்டையாகத் தெரிந்தது. வரிக்குதிரை புது அட்டை செய்துகொண்டு வந்தார். வட்டத்துக்குள் வட்டம், நடுவில் ஓட்டை. ஓட்டை வழியாக, என் கண்ணில் விழுந்த வட்டங்களைப் பார்த்தார்.

“சார், அசையாதீக.”

அட்டையை ஒவ்வொரு கண்ணுக்கும் மாற்றி மாற்றிப் பிடித்தார். எந்நேரமும் பேசும் அந்த வாய் ஓய்ந்து அன்றுதான் பார்த்தேன்.

“வலது கண்ணுல வட்டம் கீழ இழுத்துக்கிட்டு நிக்கிது. நாளைக்கே மதுரைக்குப் போவோம்.”

“என் கண்ணு என்ன கார் பம்பராண்ணே?”

“பம்பரா இருந்தா நானே தட்டிச் சரி பண்ணிருப்பேன் சார்.”

மதுரை ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் அதே வட்டங்களை என் கண்மேல் போட்டது. இன்னொன்று கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியலை எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளந்தது. கருவிழி மெலிந்து கூம்பாகிக்கொண்டிருந்தது. இப்போதே வந்ததால் அதை அப்படியே நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர்.

“யார் அனுப்பினாங்க?”

“கார் பட்டறைக்காரர்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வரிக்குதிரையோ, இயந்திரத்தின் பளபளப்பான மூடிக்கு அட்டை காட்டிக்கொண்டிருந்தார்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியபோது வெளிச்சம் கூசியது. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோன கண்மாய், டீக்கடை, ஆட்டுமந்தை எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். திருப்பத்தூர் தாண்டி நான் தூங்கிவிட்டேன். காரைக்குடியில் கண்டக்டர் எழுப்பியபோதும், அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.