சங்கிலியின் உச்சியில் நான்

புது வாத்தியாருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. அந்தக் காய்ச்சல் விட ஒரு வருடமாவது பிடிக்கும். எனக்கு ஒரே பாடவேளையில் விட்டுவிட்டது.

அப்போது ஈப்போவிலிருந்து கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்தேன். என் பாடத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அவர் தலையசைத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாமாவின் கடையில் ரொட்டி சானாய் தட்ட வேண்டியதுதான் (மாமா ஆவலோடு காத்திருந்தார்).

பாடம், உணவுச் சங்கிலி. பிள்ளைகளைத் தேயிலைக் காட்டுக்கே அழைத்துப் போனேன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த சாந்தி டீச்சர் பள்ளி வாசலில் மறித்தார்.

“சார், ராத்திரி மழ பேஞ்சிருக்கு. சிலுவார சாக்ஸுக்குள்ள சொருகி, மேல சவக்காரம் தேச்சுக்குங்க. அட்ட ஏறும் லா.”

மடிப்புக் கலையாத கால்சட்டையைச் சாக்ஸுக்குள் சொருகி, மேலே சோப்பு வேறு தேய்ப்பதா! “பரவால்ல டீச்சர்” என்று வீறாப்பாக நடந்தேன். பிள்ளைகள் எல்லாரும் சொருகியிருந்தார்கள். அதிகாரியும் சொருகியிருந்தார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

இலையைப் புழு தின்னும், புழுவைக் குருவி தின்னும், குருவியைப் பாம்பு தின்னும் என்று பிள்ளைகள் அழகாகச் சொன்னார்கள். பனி விலகி, ஈரத் தேயிலை வாசனை எழுந்தது. அந்தக் காலைக்காக இன்றும் மனம் ஏங்குகிறது. அதிகாரி புன்னகைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம், விதி விடவில்லை.

“மனிதன்தான் உச்சி! நம்மைத் தின்ன எவனும் இல்லை!”

கவிதா என்ற மாணவி கையைத் தூக்கினாள். “சார், ஒங்கள ஒன்னு தின்னுக்கிட்டிருக்கு.”

“பாடம் நடக்கிறப்ப வெளையாட்டா?”

“நெசமா சார். ரெண்டு இருக்கு.”

குனிந்தேன். கால்சட்டையெல்லாம் ரத்தம். “ஐயோ அம்மா!” என்று அலறி அதிகாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். இருவரும் தேயிலைச் செடிமேல் விழுந்தோம். பின்னாலேயே வந்திருந்த சாந்தி டீச்சர் உப்புப் பொட்டலத்தோடு ஓடிவந்து அட்டைகளை விழவைத்தார் (சிரிப்பை அடக்கவே இல்லை).

அதிகாரி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன்.

“இப்படிச் செஞ்சு காட்டுன வாத்தியார நான் பாத்ததே இல்ல. பிள்ளைங்க சாகிற வரைக்கும் மறக்காதுங்க. பாஸ் லா, போங்க!”

வேலை நிரந்தரமானது. உப்போடு வந்தவரும் என் வீட்டில் நிரந்தரமானார். இப்போது அதே மலையில் தானா ராத்தா ஊரில் இருக்கிறோம். என் கையில் ஒரு கொசு உட்கார்ந்தால் போதும், மகள் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்துவாள்:

“அம்மா, உச்சிக்கும் மேல ஒருத்தர் சாப்பிட வந்திருக்காரு! எல போடவா?”