வாசலில் வண்டி நிறுத்தவும்

“நிறுத்துங்க. இங்கேதான். இதுக்கு மேல ஒரு அடி போகக் கூடாது” என்றார் மாஸ்டர்.

பல் டாக்டரம்மா பிரேக்கை மிதித்தார். தலையில் ‘ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி’ என்ற பலகையும் முதுகில் சிவப்பு ‘எல்’லும் சுமந்திருந்த அந்தச் சின்னக் கார் ஒரு குலுங்கு குலுங்கி, மஞ்சள் வீட்டு வாசலில் நின்றது. சுவரிலிருந்து சரியாக ஒரு சாண். நூல் பிடித்த மாதிரி நேர்.

இதே அம்மாள் நேற்று வரை குப்பைத்தொட்டி, விளக்குக் கம்பம், சும்மா நின்றிருந்த ஐஸ்கிரீம் வண்டி என்று எதையும் விட்டுவைத்ததில்லை. லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றவர். அவர் இப்படி நிறுத்தியதைப் பாராட்டியிருக்க வேண்டும். ஆனால் மாஸ்டர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், வாயை மூடுங்க. நான் இப்ப டூட்டியில இல்லை” என்றார் பல் டாக்டர்.

மாஸ்டர் மூடவில்லை. அப்படி ஒரு வீடு அது. மூன்று படி ஏறினால் ஒன்றரை ஆள் உயரத்துக்குக் கதவு. மாடியில் வளைந்த கம்பி போட்ட பால்கனி. ஜன்னல்களுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடித் துண்டுகள். வெயில் பட்டால் உள்சுவரில் என்னென்ன நிறம் விழுமோ என்று அவர் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

கேட்டில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு சிலேட்டு. ‘வீடு விற்பனைக்கு. நாற்பது லட்சம்.’

அந்த நாற்பதுதான் அதிசயம். மாஸ்டரும் அவர் மனைவியும் இதுவரை இருபத்தேழு வீடு பார்த்து ஒப்பிட்டிருந்தார்கள். நோட்டில் இடது பக்கம் மாணவர்களைப் பற்றிய குறிப்பு, வலது பக்கம் வீடுகளைப் பற்றிய குறிப்பு. ‘கிளட்ச் சுமார். பயம் அதிகம்’ என்பதற்கு எதிரே ‘ஈரம் அதிகம். கூரை சுமார்’ என்று இருக்கும். நாற்பத்தைந்து லட்சத்துக்குப் பார்த்த ஒரு வீட்டில், சமையலறைக்குள் போனவர் திரும்ப வேண்டுமென்றால் வெளியே வந்துதான் திரும்பியாக வேண்டும். அதற்கு நேரே ‘ரிவர்ஸ் கட்டாயம்’ என்று எழுதியிருந்தார்.

வாங்கியே ஆக வேண்டிய நிலைமை. குடியிருந்த வீட்டு ஓனர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். மனைவி அன்றே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “பதினெட்டு வருஷத்துல ஏழு வாடகை வீடு. எல்லா வீட்லயும் ஒரே பாட்டு, சுவத்துல ஆணி அடிக்காதீங்க, ஆணி அடிக்காதீங்க. எனக்கு என் சொந்தச் சுவத்துல ஒரே ஒரு ஆணி அடிக்கணும். அவ்வளவுதான் ஆசை.”

சேமிப்பு, பேங்க் கடன், அவளுடைய வளையல்கள் எல்லாம் சேர்த்து, தலைகீழாக நின்றாலும் நாற்பத்திரண்டு லட்சம்தான் வரும்.

அன்று மஞ்சள் வீட்டைப் பற்றி மாஸ்டர் சொல்லச் சொல்ல, மனைவி கையிலிருந்த கரண்டியை அடுப்பை அணைக்காமலே கீழே வைத்தாள்.

“அப்ப நாளைக்கே போய்ப் பேசுங்களேன்.”

“அங்கேதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. ஆசையைக் காட்டினா விலை ஏறிடும். நான் ஆசைப்படறது ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. தினம் வண்டியில போய்ப் பார்த்துக்கிட்டே இருப்பேன். கொஞ்சம் இறங்கினதும் அமுக்கிடுவேன்.”

தினமும் போகக் காரணம் தேட வேண்டியதில்லை. அவர் தொழிலே வண்டியை நிறுத்தச் சொல்வதுதான். ஒரு நாளைக்கு ஆறு மாணவர்கள். ஆறு பேரையும் மஞ்சள் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வரச் செய்தார். “பார்க்கிங் பழக இதைவிட நல்ல இடம் ஊர்ல கிடையாது” என்றார். அவர்கள் முன்னே எடுத்துப் பின்னே எடுத்து மறுபடி முன்னே எடுக்கும் நேரத்தில் அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் சிலேட்டில் நாற்பத்திரண்டு.

“கண்டுபிடிச்சிட்டான்” என்றார் மாஸ்டர் மனைவியிடம். “தலையில பலகையோட ஒரே வண்டி தினம் வந்து நின்னா? எவனோ டிரைவிங் மாஸ்டர் ஆசைப்படறான்னு தெரிஞ்சு போச்சு.”

மறுநாள் பலகையைக் கழற்றினார். ‘எல்’லை ஒரு துண்டால் மூடினார். சட்டப்படி தப்புதான், ஆனால் சொந்த வீடு என்று வரும்போது மனிதனுக்குச் சட்டம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது. தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இனி சாட்சாத் அவர் அம்மாவே வந்தாலும் அடையாளம் தெரியாது.

நாற்பத்தாறு ஆயிற்று.

“ஒரே நேரத்துக்குப் போறீங்க, அதான்” என்றாள் மனைவி. “காலையில ரெண்டு பேர், மத்தியானம் ரெண்டு பேர், சாயங்காலம் ரெண்டு பேர்னு பிரிச்சுக் கூட்டிட்டுப் போங்க. ஒரே கூட்டம்னு தெரியாது.”

பிரித்துக் கூட்டிப் போனார். ஐம்பத்தொன்று.

வேடிக்கை என்னவென்றால், விலை ஏற ஏற மாஸ்டருக்கு அந்த வீட்டின் மேல் மரியாதையும் ஏறியது. நாற்பது லட்சத்தில் அழகாக இருந்த வீடு ஐம்பத்தொன்றில் கம்பீரமாக ஆகிவிட்டது. அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஹாரன் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு மாணவர் தும்மியபோது, “இங்கேயா தும்முவீங்க?” என்று கேட்டார்.

இவர்களில் பல் டாக்டரம்மாதான் புதிராக இருந்தார். மஞ்சள் வீட்டு வாசலில் மட்டும் ஒரே வீச்சில் ஒரு சாணில் நிறுத்துவார். தெருமுனை தாண்டினால் பழையபடி தபால்பெட்டியில் இடிப்பார்.

“இங்க மட்டும் எப்படிம்மா வருது?”

“தெரியலை மாஸ்டர். அந்த மூணாவது படியும் என் சைடு கண்ணாடியும் ஒண்ணு சேரும்போது ஸ்டியரிங்கை ஒடிச்சா தானா உள்ள போயிடுது. மத்த இடத்துல அந்தப் படி இல்லையே.”

“கடவுளே” என்று சொல்லி மாஸ்டர் நோட்டின் இடது பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அடுத்த யோசனையும் மாஸ்டருடையதுதான். யாராவது உள்ளே போய் வீட்டைப் பற்றிக் குறை சொன்னால் விலை இறங்கும். கல்யாணப் போட்டோ எடுக்கும் மாணவர் ஒருவர் இருந்தார், கூச்ச சுபாவம். அவரிடம், “ரோட்ல நாலு பேர்கிட்ட பேசற தைரியம் இருந்தாத்தான் வண்டி ஓட்ட முடியும். இது அதுக்கான பயிற்சி. உள்ள போய், வீடு சின்னது, இருட்டுன்னு சொல்லிட்டு வாங்க” என்று அனுப்பினார்.

போட்டோக்காரர் நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினார். முகம் பிரமை பிடித்த மாதிரி இருந்தது.

“சொன்னீங்களா?”

“மாஸ்டர், அந்த ஹால்ல விழற வெளிச்சம் இருக்கே. இருபது வருஷமா இந்த வெளிச்சத்துக்குத்தான் லைட் வாங்கி லைட் வாங்கி அழிஞ்சேன். அப்படியே கையைப் பிடிச்சு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“இது வீடில்லை ஐயா, பொக்கிஷம்னு.”

மறுநாள் சிலேட்டில் ஐம்பத்தெட்டு.

மனைவி இனிப் பொறுப்பதாக இல்லை. “நானே பார்க்கறேன், அப்படி என்ன வீடுன்னு” என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இருபத்தேழு வீட்டுக்கும் முகத்துக்கு நேரே குறை சொன்னவள் அவள். மஞ்சள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. ஒரு குறைகூட வரவில்லை.

“என்ன?” என்றார் மாஸ்டர்.

“அந்தப் பெரிய சுவர்ல நடுவுல அடிக்கலாம்” என்றாள் மெதுவாக. “போய் நேர்ல கேளுங்க. ஈ காக்காய்க்கெல்லாம் தெரிஞ்சாத் தெரியட்டும்.”

மாஸ்டர் இறங்கிப் போனார். வீட்டுக்காரர் மெலிந்த மனிதர், விரலெல்லாம் சாக்பீஸ் தூள். துறைமுகத்தில் கப்பல் வந்துசேரும் நேரத்தைப் பலகையில் எழுதி எழுதி ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பல் எப்போது வரும் என்பதை அழித்து அழித்து எழுதிய பழக்கம், வீட்டு விலைக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

“நான் முதல்ல நாற்பதுக்கே குடுத்துடலாம்னுதான் இருந்தேன்” என்றார். “மகள் வீட்டோட போய் இருக்கப் போறேன், எனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு. ஆனா பாருங்க, கொள்ளை டிமாண்டு. ஒரு புரோக்கர் தினம் ஆறு பார்ட்டி கூட்டிட்டு வர்றான்.”

“ஆறா?”

“எண்ணி ஆறு. வண்டியை முன்னாடி எடுத்து, பின்னாடி எடுத்து, எல்லாக் கோணத்துலயும் காட்டறான். தொழில்னா அதுதான் தொழில். பார்ட்டிங்க வேர்த்து விறுவிறுத்து ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, அவ்வளவு பதற்றம், வீடு கைவிட்டுப் போயிடுமோன்னு. அந்தப் புரோக்கரை நான் கிட்டப் பார்த்ததில்லை, வண்டி மேல இருந்த பலகையும் என் கண்ணுக்குப் படிக்க எட்டலை. தொப்பி போட்டிருப்பான்.”

மாஸ்டர் தொப்பியை மெல்லக் கழற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கு அறுபத்து மூணு போடலாம்னு இருக்கேன்” என்றார் வீட்டுக்காரர். “உங்களுக்கு வேணுமா?”

“சும்மா கேட்டேன்” என்றார் மாஸ்டர். வண்டிக்குத் திரும்பி வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் அவரையே பார்த்தாள். இருபத்து மூன்று லட்சத்தைத் தனி ஆளாக ஏற்றிய கணவனைப் பார்க்கும் வாய்ப்பு எல்லா மனைவிக்கும் கிடைப்பதில்லை.

“இனிமே இந்தத் தெருப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க” என்றாள்.

அவரும் படுக்கவில்லை. பலகை மறுபடி வண்டித் தலையில் ஏறியது. ஆறு பேரையும் ஊரின் மறுகோடிக்குக் கூட்டிப் போனார். போட்டோக்காரருக்கு மட்டும் வீட்டுக்குப் போகிற வழி அந்தத் தெரு என்பதால், “கண்ணுக்குப் பயிற்சி. நடந்து போகும்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து அந்த சிலேட்டைப் படிச்சு எனக்குச் சொல்லுங்க” என்றார். போட்டோக்காரர் தினமும் படித்துச் சொன்னார். அறுபது. ஐம்பத்து மூன்று. நாற்பத்தேழு. மாஸ்டருக்கு ஒவ்வொரு எண்ணும் காதில் தேன் மாதிரி விழுந்தது.

பல் டாக்டரம்மாதான் தவித்தார். “மாஸ்டர், அந்தத் தெருவுக்கே போலாமே. எனக்கு வேற எங்கேயும் வண்டி நிக்க மாட்டேங்குது.”

“கூடாது. அங்க இப்பக் காத்து சரியில்லை” என்றார் மாஸ்டர்.

ஆனால் அடுத்த வாரமே அந்த அம்மாள் லைசென்ஸோடு வந்து நின்றார். நான்காவது முயற்சியில் தேறிவிட்டார். மாஸ்டருக்கு நம்பவே முடியவில்லை.

“எப்படிம்மா?”

“இன்ஸ்பெக்டர், உங்க இஷ்டப்பட்ட இடத்துல ஓரமா நிறுத்திக் காட்டுங்கன்னார். தெரிஞ்ச இடமாப் பார்த்து நிறுத்திட்டேன். அசந்து போயிட்டார். ஆனா என்ன பிரயோஜனம். வண்டி வாங்கிட்டேன். எங்க அபார்ட்மென்ட்ல தூணை இடிக்கறேன், கிளினிக்ல பூந்தொட்டியை இடிக்கறேன். என்ன பண்றதுன்னே புரியலை.”

“நல்லா யோசிங்க. ஒரு வழி கிடைக்காமலா போயிடும்” என்று மாஸ்டர் மனதார வாழ்த்தி அனுப்பினார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம், போட்டோக்காரர் வந்து சொன்னார்: “நாற்பது, மாஸ்டர்.”

மனைவி செருப்பையே மாட்டிவிட்டாள். மாஸ்டர்தான் தடுத்தார். “இப்பவே ஓடினா ஆசைன்னு தெரிஞ்சிடும். பதினெட்டு வருஷம் பொறுத்தவ ஒரு ராத்திரி பொறுக்க மாட்டியா? நாளைக்குக் காலையில, சாவகாசமா, காத்து வாங்க வந்த மாதிரி போவோம்.”

மறுநாள் காலை காற்று வாங்கப் போனார்கள். மனைவியின் கைப்பையில் முன்பணத்துக்குக் காசோலை இருந்தது. காசோலைக்கு அடியில் ஒரு சுத்தியலும் ஒரே ஒரு ஆணியும் இருந்தன.

கேட்டில் சிலேட்டைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது.

வீட்டுக்காரர் வாசலில் நாற்காலிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். “நேத்து சாயங்காலம் முடிஞ்சிடுச்சு. பேரமே பேசலை. வீட்டுக்குள்ளகூட வந்து பார்க்கலை. வாசலை மட்டும் பார்த்துட்டு செக் எழுதிக் குடுத்துட்டாங்க” என்றார். அவர் குரலிலும் அந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

மனைவி கேட்டில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது தெருமுனையில் ஒரு புதுக் கார் திரும்பியது. நேராக வந்து, மஞ்சள் வீட்டைத் தாண்டி நின்று, பின்னால் வந்து, மூன்றாவது படிக்கு நேராக வளைந்து, ஒரே வீச்சில் வாசலில் அடங்கியது. சுவரிலிருந்து சரியாக ஒரு சாண். அந்தத் துக்கத்திலும் மாஸ்டரின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“யாருங்க அது? என்ன அழகா நிறுத்தறாங்க” என்றாள் மனைவி.

“நான் சொல்லிக் குடுத்தது” என்றார் மாஸ்டர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

கார்க் கண்ணாடி இறங்கியது. பல் டாக்டரம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“வேற எந்த வாசல்லயும் எனக்கு வண்டி நிக்கலையே மாஸ்டர். அதான், இந்த வாசலையே வாங்கிட்டேன்.”