சாப்பாட்டு மேசையில் பெரியவர்

இந்தக் கதையில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது கிடையாது. முதலில் கொஞ்ச நேரம் கோபப்பட வேண்டும். எதற்கு, யார்மேல் என்றெல்லாம் கேட்காதீர்கள். கண்ணாடிக்கடைக்காரர் கோபமாக இருக்கிறார். ஒரு மரியாதைக்கு நாமும் கூடவே கோபப்பட்டு வைப்போம்.

கண்ணாடி என்றால் மூக்குக்கண்ணாடி. ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்பு ஃபிரேமை மாட்டி, "இது நல்லாத் தெரியுதா... இல்ல, இது நல்லாத் தெரியுதா?" என்று சில்லை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பதுதான் அவர் தொழில். லைசென்சுக்காக வருகிற லாரி டிரைவர்கள் சிலர், முன்னால் போனவர் வாசித்ததை ஒட்டுக்கேட்டு எழுத்து வரிசையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள். இவர் சிரித்த முகமாக, "கடைசி வரியைத் திருப்பி வாசிங்க பாப்போம்" என்பார். டிரைவர் முழிப்பார். "என்கிட்டயேவா?" என்பார் இவர். அந்த "என்கிட்டயேவா" மூக்கில் புறப்பட்டுப் புருவத்தில் போய் முடியும். நேரில் கேட்டால்தான் அதன் அருமை தெரியும்.

வீட்டுக்கு வந்தால் வேறு வேலை. பழைய ஸ்டீரியோ ரிசீவர்களுக்கு உயிர் கொடுப்பது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்தும் சாமான் அது. மரக்கூடு, வெள்ளி முகம், கை நிறையப் பிடிக்கிற குமிழ்கள், ஸ்விட்சைப் போட்டால் நீலமாக ஒளிர்கிற டயல். ஐம்பது வருஷம் ஆன பிறகு யாரோ அதைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளுவார்கள். இவர் நடுவழியில் மடக்கிக் கையோடு கொண்டுவந்துவிடுவார். வீங்கிப்போன கண்டென்சர்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசு பற்றவைப்பார். கரகரக்கிற வால்யூம் குமிழுக்குள் ஸ்பிரே அடித்து, அப்படியும் இப்படியும் நூறு தடவை திருகுவார். அத்தனை வைத்தியமும் நடப்பது சாப்பாட்டு மேசையில்.

எட்டு மாதமாக நடக்கிறது. மேசைமேல் இப்போது நாலு ரிசீவர்கள். அதில் பெரியது பதினெட்டு கிலோ. அதற்கு அவர் வைத்த பெயர் "பெரியவர்." பெயரோடு மரியாதையும் உண்டு. "பெரியவருக்கு இன்னிக்கு இடது பக்கம் கேக்கல." "பெரியவர் கொஞ்சம் சூடா இருக்கார், ஃபேனைத் திருப்பு." "பெரியவர் தலைமேல யாரு பேப்பர் வெச்சது?"

பெரியவர் மேசையில் இருக்க, வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் எட்டு மாதமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். தலையணை உறைக்குள் பருக்கை கிடைத்தது.

வீட்டுக்காரியை அம்மணி என்றே சொல்வோம். அம்மணி கோர்ட்டில் சுருக்கெழுத்தாளர். சாட்சி அழுதாலும் வக்கீல் கத்தினாலும் முகத்தில் ஒரு கோடு அசையாமல் எழுதுவார். எழுதியதைப் படிக்கச் சொன்னால், அழுகை, கத்தல் எல்லாவற்றையும் ஒரே குரலில், ரேஷன் அட்டை வாசிப்பதுபோல வாசிப்பார்: "ஐயோ. அம்மா. நான் பண்ணலை. முற்றுப்புள்ளி."

சனிக்கிழமை சாயந்திரம் அந்தக் குரலில்தான் ஆரம்பித்தார்.

"என்னங்க, நாளைக்கு மத்தியானம் அக்காவும் அத்தானும் சாப்பிட வர்றாங்க. பிள்ளைங்க ரெண்டும். நம்மளோட சேத்து ஆறு பேரு."

"வரட்டுமே! யாரு வேணாம்னது?"

"எங்க உக்காந்து சாப்பிடுவாங்க?"

"கட்டில் பெருசுதானே?"

"அத்தானைக் கட்டில்ல உக்கார வெச்சு, மடியில தட்டைக் குடுக்கச் சொல்றீங்களா?"

"ஏன், அவருக்கு மடி இல்லையா?"

"வயிறு இருக்கு. அதைத் தாண்டி மடி எங்க இருக்குன்னு யாரும் பாத்ததில்ல. மேசையைக் காலி பண்ணுங்க."

"பெரியவரைத் தூக்கறதா! அவருக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரந்தான் ஆகுது! இப்பதான் குரல் செட் ஆயிட்டு வருது!"

"என்னமோ போங்க. அதுல வர்ற பாட்டும், என் சின்ன ஸ்பீக்கர்ல வர்ற பாட்டும் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் தரையில் விழுந்தது.

சின்ன ஸ்பீக்கர் எது தெரியுமா? சமையலறை அலமாரியில் இருக்கிற மஞ்சள் பிளாஸ்டிக். உள்ளங்கை அளவு. மேலே எண்ணெய்ப் பிசுக்கு. வாஷிங்மெஷின் வாங்கியபோது இலவசமாகக் கொடுத்தது.

"ஒரே மாதிரியா? ஒரே... மாதிரியா? எட்டு மாசம்! அறுபத்திரண்டு கண்டென்சர்! பத்தவெக்கற புகையைக் குடிச்சுக் குடிச்சு என் மூக்கே மரத்துப்போச்சு! அதையும் அந்தச் சோப்பு டப்பாவையும் ஒரே தராசுல வெக்கறியா? உனக்குக் காது இருக்கா, இல்ல கம்மல் மாட்டறதுக்காக வெச்சிருக்கியா?"

"உங்களுக்கு மட்டும் வித்தியாசம் தெரியுமாக்கும்."

"தெரியுமாக்குமா? கண்ணைக் கட்டு! என் கண்ணைக் கட்டிட்டு ரெண்டையும் மாத்தி மாத்திப் போடு! எட்டு சுற்று! ஒண்ணு தப்பினாலும் மேசை உன்னுது. பெரியவரோட சேத்து நாலு பேரும் வெளிய போயிடுவாங்க. எட்டும் சரியாச் சொல்லிட்டா, மேசைங்கற வார்த்தையே இந்த வீட்ல வரக்கூடாது. உங்க அக்கா வந்தாலும் சரி, அந்த அக்காவுக்கு ஒரு அக்கா வந்தாலும் சரி!"

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ!"

எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்க்கும்போது கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு சின்ன பயம் வந்தது. தன் காதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் எட்டுக்கு எட்டு. ஒரு தும்மல் வந்தால்? தெருவில் லாரி போனால்? அப்போதுதான் அவருக்கு ரிலே ஞாபகம் வந்தது.

பெரியவரின் ஸ்விட்சைப் போட்டதும் பாட்டு வந்துவிடாது. உள்ளே ரிலே என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். ஐந்து விநாடி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "டிக்" என்று கதவைத் திறப்பான். அப்புறம்தான் பாட்டு. மஞ்சள் பிளாஸ்டிக்குக்குக் காவல்காரனும் இல்லை, கதவும் இல்லை. ஆகவே டிக் கேட்டால் பெரியவர். கேட்காவிட்டால் டப்பா.

இது மோசடியா? சேச்சே. டிரைவர்கள் பண்ணுவது மோசடி. இது தொழில் அனுபவம். நுரையோடு கண்ணாடியைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டார்.

நடுவராக எதிர்வீட்டு டிரில் மாஸ்டர் வந்தார். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகியும் குரல் இன்னும் மைதானத்தில்தான் நிற்கிறது. "குட் மார்னிங் சார்! உக்காரலாம்! முதுகு நேரா! கை முட்டிமேல!"

துண்டால் கண்ணைக் கட்டினார்கள். மஞ்சள் ஸ்பீக்கரை, பெரியவரின் பாட்டு வருகிற பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் தலைமேலேயே வைக்கச் சொன்னார் கண்ணாடிக்கடைக்காரர். "சத்தம் ஒரே திசையிலேருந்து வரணும். பாட்டும் ஒரே பாட்டுதான். பின்னாடி யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது பாருங்க. நான் நியாயஸ்தன்." பாட்டைப் போடுவதும் அம்மணிதான்; பெரியவரின் ஸ்விட்சும் செல்போனும் கைக்கெட்டுகிற மாதிரி, நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் சுற்று. நிசப்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. டிக்.

"பெரியவர்!"

"சார்," என்றார் மாஸ்டர், "பாட்டு இன்னும் ஆரம்பிக்கலை."

"அ... அது... பாடறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கறார் பாருங்க. அதுலயே தெரியுது."

பாட்டு வந்தது. பெரியவர்தான். இரண்டாம் சுற்றில் டிக் இல்லாமலே பாட்டு வந்தது. "டப்பா!" என்றார். சரிதான்.

அம்மணியின் கை எழுதாமல் நின்றது. கேள்வி முடிவதற்குள் சாட்சி பதில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று இருபது வருஷமாகக் கோர்ட்டில் பார்த்தவர் அவர். அந்த டிக்கையும் எட்டு மாதமாகக் கட்டிலில் உட்கார்ந்தபடி சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். மேலே அழுத்தினால் முனை வெளியே வருகிற பேனா.

அவருக்குத்தான் கண் கட்டியிருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஆகவே நன்றாகப் பாருங்கள். அம்மணி எழுந்து போய்ப் பெரியவரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். ஐந்து எண்ணினார். பேனாவை அழுத்தினார். டிக்.

மஞ்சள் பிளாஸ்டிக் பாடியது.

"பெரியவர்! மாஸ்டர், கேளுங்க! அந்த அடிக்குரலைக் கேளுங்க! தரை வழியா நடந்து வருது! உங்க பாதத்துல தெரியுதா இல்லையா?"

மாஸ்டர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். அம்மணியைப் பார்த்தார். விசிலை எடுத்துப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டார். "தெ... தெரியுது சார்."

சிரிக்காதீர்கள். இன்னும் அந்த இடம் வரவில்லை. மாஸ்டரே அடக்கிக்கொண்டிருக்கிறார், உங்களுக்கு என்ன?

நாலாம் சுற்று. டிக் இல்லை. அதே மஞ்சள் பிளாஸ்டிக், அதே பாட்டு.

"சீச்சீ! தகரத்துல கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி! நிறுத்து, நிறுத்து! இதையா ஒரே மாதிரின்ன? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு..."

"எழுதிக்கிட்டேங்க," என்றார் அம்மணி. அப்புறம் மாஸ்டரைப் பார்த்து, மேசையைக் காட்டி, வாசலைக் காட்டி, எதிர்வீட்டைக் காட்டினார். மாஸ்டர் வீட்டுக் கூடத்தில் யாரும் ஆடாத டேபிள் டென்னிஸ் மேசை ஒன்று சும்மா கிடக்கிறது. மாஸ்டர் சட்டைக்கையைச் சுருட்டினார்.

ஐந்தாம் சுற்று. டிக்.

"பெரியவர்! சத்தத்தைக் கூட்டு! இன்னும் கூட்டு! அவர் முழுசா வெளிய வரட்டும்!"

பெரியவர் முழுசாக வெளியே போய்க்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் குளுகுளுவென்று காற்று வந்தது.

"ஆஹா! காத்து மாதிரி வந்து மேல தடவுது! மாஸ்டர், உங்களுக்கே மூச்சு முட்டுது, இல்ல?"

"ஆ...மா... சார்..."

"ஏன் எங்கேயோ வாசல்லேருந்து பேசறீங்க?"

"உருகிட்டாருங்க," என்றார் அம்மணி. "கொஞ்சம் நடந்துட்டு வரட்டும்."

"பாத்தியா? மனுஷன்னா அவர் மனுஷன்! எட்டு மாசமா பெரியவர்கூட இருக்கற உனக்கு ஒரு தடவையாவது உருகியிருக்கா?"

ஆறாம் சுற்றில் மற்ற மூன்று ரிசீவர்களும் போயின. டிக் கேட்டதால் அதுவும் பெரியவர்தான். ஏழாம் சுற்றுக்கு டிக் இல்லை. பற்றவைக்கிற சால்டரிங் அயனும் திருகாணி போட்டுவைத்த பிஸ்கட் டின்களும் கிளம்பின. ஒரு டின் சலசலவென்று குலுங்கியது.

"கேட்டியா அந்தச் சலசலப்பை? கேட்டியா? பிளாஸ்டிக்கோட புத்தி! எங்க போகும்?"

எட்டாம் சுற்று. டிக். பாட்டு ஓட ஓட, அம்மணி ஈரத்துணியால் மேசையைத் துடைத்து, ஆறு தட்டு, ஆறு டம்ளர் வைத்தார். பாட்டின் நடுவே கிணிங், கிணிங் என்று கேட்டது.

கண்ணாடிக்கடைக்காரரின் துண்டு நனைந்துவிட்டது.

"இந்தப் பாட்டை முந்நூறு தடவை கேட்டிருக்கேன். இப்படி ஒரு மணிச்சத்தம் இதுக்குள்ள இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்! யாரு கொண்டுவந்தா? பெரியவர்! பெரியவர் கொண்டுவந்தார்! முடிஞ்சுது. எட்டும் சரி. மாஸ்டர், தீர்ப்பு! அதுக்கு முன்னாடி நான் சொன்னதெல்லாத்தையும் அவளையே படிக்கச் சொல்லுங்க. காது குளிரக் கேக்கறேன்."

அம்மணி படித்தார். ரேஷன் அட்டைக் குரல். "மூன்றாம் சுற்று. தரை வழியா நடந்து வருது. பாதத்துல தெரியுதா. ஐந்தாம் சுற்று. ஆஹா. காத்து மாதிரி வந்து மேல தடவுது. எட்டாம் சுற்று. பெரியவர் கொண்டுவந்தார். முற்றுப்புள்ளி."

ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக்கடைக்காரர் தலையாட்டினார். பிறகு ஒரு சக்கரவர்த்தி கிரீடத்தைக் கழற்றுகிற தோரணையில் துண்டை அவிழ்த்தார்.

சுத்தமான மேசை. ஆறு தட்டு. ஆறு டம்ளர். வாசல்படியில் சட்டை நனைய உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிற மாஸ்டர்.

"பெரியவர் எங்க?"

"மாஸ்டர் வீட்டுல இருக்கார்," என்றார் அம்மணி. "வசதியா இருக்கார்."

"அநியாயம்! நான் ஜெயிச்சப்புறம் தூக்கிட்டுப் போயிட்டீங்களா? பந்தயம்னா ஒரு நேர்மை வேணாம்? எட்டாவது சுற்று முடிஞ்சு அரை நிமிஷம் ஆகலை, அதுக்குள்ளயா?"

"எட்டாவது இல்ல சார், அஞ்சாவது!" என்றார் மாஸ்டர். "பதினெட்டு கிலோ! ஒத்த ஆளு!"

"அஞ்சாவதா? பொய்! ஆறாவது சுற்று அவர்தான்! எட்டாவதும் அவர்தான்! என்கிட்டயேவா? என் ரெண்டு காதாலயும் கேட்டேனே, டிக்குனு!"

மாஸ்டர் விசிறுவதை நிறுத்தினார்.

"பாட்டைக் கேக்கலையா நீங்க?" என்றார் அம்மணி மெதுவாக. "டிக்கைத்தான் கேட்டீங்களா? இருங்க, அதையும் எழுதிக்கறேன்."

எழுதுவதற்காகப் பேனாவை அழுத்தினார்.

டிக்.

"பெரி..." என்று அவர் வாய் தானாகத் திறந்து, பாதியில் நின்றது.