குளிர்ச்சித்தர் மெட்ராஸ் போய் வந்த கதை

மே மாதம் பிறந்துவிட்டால் சென்னைக்காரர்களுக்கு இரண்டே வழிதான். ஊரிலேயே கிடந்து வேகலாம்; இல்லாவிட்டால் ஏற்காட்டுக்கு வந்து அறை கிடைக்காமல் அலையலாம். இந்த வருஷம் மூன்றாவதாக ஒரு வழி திறந்தது. திறந்தவர் ஸ்ரீ குளிர்ச்சித்தர் சுவாமிகள்.

சுவாமிகள் ஏற்காட்டுக் குளிரை மந்திரத்தால் பிடிப்பாராம். செப்புத் தாயத்துக்குள் அடைத்துக் கழுத்தில் கட்டி அனுப்பிவிடுவாராம். அப்புறம் சென்னையில் போய் இறங்கினாலும் வேர்க்காதாம், புழுக்கம் கிட்டேயே வராதாம். இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ஏறி ஊர் சுற்றியது. மஞ்சக்குட்டை போகிற வழியில், மலர் நடத்தும் செடி நர்சரியை ஒட்டிய காலி இடத்தில் பந்தல் எழுந்தது. வரிசை ரோடு வரை நின்றது. வெயிலுக்குப் பரிகாரம் தேடி உச்சி வெயிலில் நின்றார்கள், மகானுபாவர்கள்! பட்டை போட்டவர், தொப்பி போட்டவர், சிலுவை போட்டவர் எல்லாரும் இருந்தார்கள். வேர்வைக்கு மதம் ஏது?

சித்தரின் முறை எளிது. வந்தவரைக் குனியச் சொல்வார். பிடரியில் எதையோ தடவுவார். மலைக்காற்று வீசும், ஜில்லென்று இருக்கும். "ஆஹா, இறங்குது சாமி!" என்று பக்தர் கண்ணை மூடிக்கொள்வார். ஏற்காட்டில் நின்றுகொண்டே 'குளிர்கிறதே!' என்று வியக்கும் அறிவாளிகளை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தாயத்தோடு விட்டிருந்தால் கூடப் போகட்டும். சித்தர் ஒரு விரதமும் வைத்திருந்தார்.

"புழுக்கம்னா என்னன்னு நெனச்சீங்க? காத்துக் கருப்புங்க! ஃபேன் சுத்தற காத்துல அது ஏறி வருது. தாயத்துக் கட்டினா ஒரு மண்டலம் ஊட்டுல ஃபேன் போடக் கூடாது, ஏசி போடக் கூடாது. போட்டா குளிர் பறந்துரும்."

நாளைக்கு ஒருவர் 'வேர்க்கிறதே' என்று சண்டைக்கு வந்தால்? 'ஃபேன் போட்டிருப்பீங்க' என்று சொல்லிவிடலாம். என்ன மூளை! அதை வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கலாம்.

அன்று வரிசையில் பெரம்பூர் மணிகண்டனும் அவன் மனைவி கவிதாவும் நின்றார்கள். கவிதாவின் தோளில் கைக்குழந்தை, அதன் முதுகெல்லாம் வேர்க்குரு. தாயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மணிகண்டன், "ஊருக்குப் போனதும் முதல் வேலையா ஃபேனைக் கழட்டிடறேன் சாமி" என்றான்.

கவிதா அவன் கையைப் பிடித்தாள். போன வாரம் சிறிது நேரம் கரண்ட் போனதற்கே குழந்தை வாடிய கீரைத்தண்டாகத் துவண்டுபோயிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தான்.

"வேணாங்க. பிள்ளை தாங்காது."

"நம்பிக்கை வேணும் கவி. எங்க மேனேஜரே கட்டியிருக்காரு."

மேனேஜரே கட்டிவிட்டார். இனி அப்பீல் ஏது?

குழந்தைக்கு நிழல் தேடி நர்சரிக்குள் ஒதுங்கினாள் கவிதா. மலர் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வேலை செய்த பெண்ணுக்குக் குரல் கொடுத்தாள்: "ராஜேஸ்வரி, மெட்ராசுக்குப் போயித் தண்ணி தெளிச்சுட்டு வந்துரு கண்ணு!"

கவிதா திகைத்தாள். மலர் சிரித்துக்கொண்டே பின்னால் நின்ற பாலிதீன் கூடாரத்தைக் காட்டினாள்.

"மொளகுக் கொடியத் துண்டு போட்டு அதுக்குள்ளதான் வெப்போமுங்க. காத்துப் போகாம, சூடும் ஈரமுமா இருந்தாத்தான் வேர் புடிக்கும். உள்ள போனா உங்கூராட்டமே இருக்குதுங்க. அதான் மெட்ராஸ்னு பேர் வெச்சுட்டோம்."

கவிதா கூடாரத்துக்குள் தலையை நீட்டினாள். முகத்தில் அடித்தது அசல் பெரம்பூர்ப் புழுக்கம். வெளியே தலையை எடுத்தபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அவ்வளவு நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது.

மலரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு நேரே பந்தலுக்குப் போனாள். பணிவாகக் கேட்டாள்: "சாமி, இந்தத் தாயத்தோட நீங்க மெட்ராஸ் வந்தா உங்களுக்கும் வேர்க்காதா?"

சித்தர் மைக்கைப் பிடித்தார். "மெட்ராசுல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து காட்டறேன் தாயி! ஒரு சொட்டு வேர்த்தா இந்தக் காவியைக் கழட்டிடறேன்!"

மெட்ராஸ் எங்கோ கடலோரத்தில் கிடக்கிறது என்கிற தைரியம்.

"நொம்ப சந்தோசமுங்க சாமி!" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மலர். "வாங்க. மெட்ராஸ் இங்கயேதான் இருக்குது."

இதையும் ஓர் அற்புதம் என்றே எண்ணிக் கூட்டம் கைதட்டியது. திருதிருவென்று விழித்த சித்தரைப் பக்தர்களே ஊர்வலமாக அழைத்துப் போய்க் கூடாரத்துக்குள் உட்கார வைத்தார்கள். மணிகண்டன் பயபக்தியோடு கதவை இழுத்துச் சாத்தி வெளியே கொக்கியை மாட்டினான்.

பாலிதீன் வழியே எல்லாம் தெரிந்தது. முதலில் நெற்றி பளபளத்தது. "தேஜஸ்!" என்றார் ஒருவர். விபூதி கரைந்து மூக்கில் வழிந்தது. "அபிஷேகம்!" என்றார் இன்னொருவர். தாடி நனைந்து மோவாயோடு ஒட்டிக்கொண்டபோது மூன்றாமவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பக்தர்களின் பிடரியில் தைலம் தடவிய கையாலேயே சித்தர் முகத்தைத் துடைக்க, அது கண்ணில் பட்டுவிட்டது. துள்ளி எழுந்து பாலிதீனைப் பிறாண்டினார்.

"கதவைத் தொறங்க! காத்து! காத்து வேணுங்க!"

கவிதா கதவருகே போனாள். "காத்து வந்தா கருப்பும் கூடவே வந்துடுமே சாமி?"

"கருப்புமில்ல, வெளுப்புமில்ல! சும்மா சொன்னது தாயி! ஃபேன் இருந்தா கொண்டாங்க!"

"ஐயோ, சின்னையண்ணே!" என்று அலறியபடி, பந்தலில் தாயத்து விற்ற சீடன் ஓடி வந்து கதவைத் திறந்தான். சுவாமிகள் பட்டம் அந்த இடத்திலேயே உதிர்ந்தது. வெளியே வந்து விழுந்த சின்னையன் சொன்ன சொல் தவறாமல் காவியைக் கழற்றிப் போட்டார். சத்தியத்துக்காக இல்லை, புழுக்கம் தாங்காமல்.

கவிதா தாயத்தைத் திருகித் திறந்தாள். உள்ளே ஒரு பஞ்சு. அதை மணிகண்டன் மூக்கருகே நீட்டினாள். சளிக்கு மாரில் தேய்க்கிற தைலத்தின் வாசனை. அவன் குழந்தையின் முதுகைத் தொட்டுப் பார்த்தான். "நிஜமாவே ஃபேனைக் கழட்டியிருப்பேன் கவி" என்றான். எனக்கே அவன்மேல் இரக்கம் வந்தது, கொஞ்சம்.

கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது. ஒருவர் மட்டும் தயங்கி நின்று மலரிடம் கேட்டார்: "ஏனுங்க, சாமியோட சக்தியையே முறிச்ச எடமுங்களே இது! இந்த மண்ணுல ஒரு பிடி எடுத்துக்கட்டுங்களா?"

"தாராளமா எடுத்துக்கங்க. மாட்டுச் சாணி போட்ட மண்ணுங்க, நல்லா வேலை செய்யும்" என்றாள் மலர்.

அவர் எடுத்துக்கொண்டார். துண்டில் முடிந்துகொண்டு போனார்.

காற்றுப் போகாமல் அடைத்து வைத்தால் மிளகுக் கொடி வேர் பிடிக்கும். மூளையை அப்படி அடைத்து வைத்தால் சின்னையன்தான் வேர் பிடிப்பான். கொஞ்சம் திறந்து வையுங்கள் ஐயா, கருப்பு ஒன்றும் வந்துவிடாது.