பதினாலும் பதினொன்றும்

பரளச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி ராஜகுரு அவர்களுக்கு, வீரபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையைத் தவிர மற்ற எல்லாம் உண்டு, எல்லோரும் சுகம். அங்கே தங்கள் கோபத்தைத் தவிர மற்ற எல்லாம் பெருகட்டும். நாலு நாளாகத் தாங்கள் போனை எடுக்காததால் இதை அருப்புக்கோட்டை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

மாடியில் என் மகன் தனுஷுக்கும் தங்கள் மகள் சுகப்பிரியாவுக்கும் கட்டிய அறைக்கு, தங்கள் கடை டைல்ஸையே சீர்வரிசையாகப் போடுவதாகவும், எத்தனை சதுர அடி என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னீர்கள். பெரிய மனசு. நான் கொத்தனாரைக் கேட்டிருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஒரு டிக்கெட் பிசகாதவன், ஓர் அறையை அளக்க அடுத்தவனிடம் போவேனா? நானே டேப்பைப் பிடித்தேன். நீளம் பதினாலு, அகலம் பதினொன்று. கூட்டினேன், இருபத்தைந்து. மறுபடியும் கூட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் தங்களுக்குச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் தங்கள் வீட்டம்மா கஸ்தூரி அவர்கள் என் வீட்டுக்காரி மாரிக்கனியைக் கூப்பிட்டு, "எங்க வீட்டு பாத்ரூமே நாப்பது அடி. எம்மக நின்னுக்கிட்டா தூங்கணும்?" என்று அழுதார்கள். "நாங்கள்லாம் இங்க அப்படித்தான் இருக்கோம்" என்று நான் பின்னாலிருந்து முணுமுணுத்தது போனில் கேட்டுவிட்டது. அது முதல் தப்பு.

சாயங்காலம் கொத்தனார் வந்து, சிரித்துவிட்டு, நூற்றைம்பத்து நாலு என்றார். காலையில் இருபத்தைந்தாக இருந்த அறை சாயங்காலத்துக்குள் ஆறு மடங்கு வளருமா? மிச்சக் கல்லை வேறு எங்கோ போடப் பார்க்கிறார் என்று நினைத்து ஏதோ பேசிவிட்டேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டு நரிக்குடிக்குப் போய்விட்டார். ஆனாலும் குடும்ப மானம் இருக்கிறதே. அவர் சொன்ன கணக்கில் உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்து, நூற்றெழுபது என்று மறுநாள் தங்களிடம் சொன்னேன். "நேத்து இருபத்தஞ்சு, இன்னைக்கி நூத்தி எழுபது. நாளைக்கி உங்க தெருவுக்கே போடச் சொல்வீகளோ?" என்றீர்கள். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

இதில் பாவம் சுகப்பிரியாதான். பிறந்த வீட்டுப் பக்கம் பேசவா, புகுந்த வீட்டுப் பக்கம் பேசவா என்று தெரியாமல் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. நேற்றுக் காலை ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு என்னை மாடிக்குக் கூட்டிப்போனது. அடிக்கு அடி கட்டமாகத் தரை முழுக்கக் கோடு போட்டது.

"மாமா, கணக்கு வேணாம். டிக்கெட்டு எண்ணுற மாதிரி எண்ணுங்க."

ஒரு வரிசைக்குப் பதினாலு கட்டம். அப்படிப் பதினொரு வரிசை. குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். நூற்றைம்பத்து நாலு. கதவுப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே நூற்றைம்பத்து நாலு. எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, காபி போட்டுக் கொடுத்தது. நான் நரிக்குடிக்குப் போய்க் கொத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்துவிட்டேன்.

சம்பந்தி, தப்பு முழுக்க என்னுடையது. கஸ்தூரி அவர்களை ஒரு நடை கூட்டி வாருங்கள். எந்தப் பக்கம் தலை வைத்து வேண்டுமானாலும் படுத்துப் பார்க்கட்டும், கால் சுவரில் இடிக்காது.

தங்கள் கடையில் கல்லும் நம் இரு வீட்டிலும் மனசும் உடையாமல் திருச்சுழி திருமேனிநாதர் காக்கட்டும். மாரிக்கனியும் பிள்ளைகளும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
வீரபாண்டி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில்தான் அண்ணாந்து பார்த்தேன். அறைக்கு உயரம் என்று ஒன்று இருக்கிறது, பத்து அடி. சுகப்பிரியா சின்னப் பிள்ளை, அதை விட்டுவிட்டது. இந்தத் தடவை நான் கூட்டவில்லை, முறையாகப் பெருக்கிவிட்டேன். ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது சதுர அடி. ரெண்டு லோடாக அனுப்பினால் போதும்.