லிட்டருக்கு முக்கால் கிலோ

மனிதர்களில் எடை பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. தன் எடையை அல்ல, ஐயா, தன் காரின் எடையை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது காலி மைதானத்தில் ரப்பர் கூம்புகளை நிறுத்திவைத்து, அவற்றைச் சுற்றி ஒவ்வொரு காராக வளைந்து வளைந்து ஓட, ஒருவர் நேரம் குறித்துக்கொண்டிருப்பார். அதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். அங்கே மற்றவர்கள் எல்லாம் ஓட்டுவார்கள். நம்மவர் டிக்கிக்குள் தலையை விட்டு எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மில்லிகிராமில் புழங்கிய கை சும்மா இருக்குமா?

"பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. ஃபுல் டேங்க் போட்டா முப்பது கிலோ. முப்பது கிலோவை முதுகுல கட்டிக்கிட்டு எவனாவது ஓடுவானா?" என்று, இருமல் மருந்து வாங்க வந்தவரைப் பிடித்துவைத்துக் கேட்பார். வந்தவர் இருமுவார். அதையே ஆமோதிப்பாக எடுத்துக்கொள்வார்.

முதலில் ஸ்டெப்னி போயிற்று. பிறகு ஜாக்கி, பின் சீட், கால்மிதி, சாம்பல் கிண்ணம், கார் கம்பெனிக்காரன் கொடுத்த கையேடு, கடைசியாகப் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர். நான்கு சக்கரத்திலும் பாரம் சமமாக இறங்குகிறதா என்று பார்க்க, வீட்டிலிருந்த எடை மெஷின்மேல் முன் சக்கரத்தை ஏற்றினார். அன்றோடு அந்த வீட்டில் எடை மெஷின் இல்லை.

"மொத்தம் எவ்ளோ கழட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நாப்பத்தொரு கிலோ!"

"அதுல பாதிய உங்க வயித்துல கழட்டியிருந்தா சீட்டாவது மிஞ்சியிருக்கும்."

"ஓட்டுறவன் எடை கணக்குல வராதும்மா."

"ஏன், காத்துல மிதந்துக்கிட்டா ஓட்டுறீங்க?"

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி டிக்கிக்குள் தலையை விட்டார்.

சிரிக்காதீர்கள், அவருக்கு அது வாழ்வா சாவா விஷயம். ஒரே வருடத்தில் மூன்று முறை கடைசியாக வந்தவர் அடுத்த வருடம் முழுவதும் கார் ஓட்டக் கூடாது, வெயிலில் நின்று விழுந்த கூம்புகளை எடுத்து நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கிளப்பின் சட்டம். நம்மவர் ஏற்கெனவே இரண்டு முறை கடைசி. வருடத்தின் கடைசிப் போட்டி வந்தது. என்ன செய்தார் தெரியுமா? ஒரே காரை இருவர் ஓட்டலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் பெயரையும் கொடுத்துவிட்டார். தனக்குக் கீழே ஓர் ஆள் வேண்டுமே!

மைதானத்தின் ஓரத்தில் தார்ப்பாயை விரித்து, கழற்றியதை எல்லாம் பரப்பினார். டேங்கில் மூன்றே லிட்டர். காலைச் சாப்பாடு கிடையாது. சட்டைப்பையிலிருந்த பேனாவைக்கூட மனைவியிடம் கொடுத்துவிட்டு, புல்லரிப்போடு கிளம்பினார்.

முதல் திருப்பத்திலேயே, பாரமில்லாத பின்பக்கம் வாலைச் சுழற்றி மூன்று கூம்புகளைச் சாய்த்தது. போகட்டும் என்று மிதித்தார். அடுத்து ஒரு நீண்ட இடது வளைவு. கார் திரும்பத் திரும்ப, டேங்கிலிருந்த கொஞ்சநஞ்சப் பெட்ரோலும் ஒரு பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. உறிஞ்சும் குழாய்க்கு வெறும் காற்றுதான் கிடைத்தது. என்ஜின் இரண்டு தரம் விக்கியது. பிறகு மைதானத்தில் அப்படி ஓர் அமைதி.

கிளப் செயலாளர் ஒலிபெருக்கியில் பதறினார். "சார், என்ன ஆச்சு?"

நின்றுபோன காருக்குள்ளிருந்து நம்மவர் தலையை நீட்டினார். "பேலன்ஸ் பிரமாதமா இருந்துச்சு சார்!"

அடுத்த முறை மனைவியுடையது. அவள் முதலில் எதிரிலிருந்த பங்க்குக்குப் போய் டேங்கை நிரப்பினாள். வந்து, தார்ப்பாயிலிருந்த ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் தூக்கி உள்ளே போட்டு இறுக்கினாள்.

"அடியேய், நாப்பத்தஞ்சு கிலோ ஏறுதுடி!" என்று அலறினார் கணவர்.

"முடிச்சிட்டு அக்கா வீட்டுக்குப் போகணும். வழியில பங்க்சர் ஆனா உங்களையா மாட்ட முடியும்?"

ஓட்டினாள். பின்பக்கம் தரையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. காரின் மூக்கு கொஞ்சம் மெதுவாகத்தான் திரும்பியது. அவளும் மெதுவாகத்தான் திருப்பினாள். அதனால் காருக்கும் அவளுக்கும் சண்டை வரவில்லை. ஒரு கூம்பும் விழவில்லை. இருபத்திரண்டு பேரில் பதினொன்றாவது.

இறங்குவதற்குள் ஓடிவந்தார் கணவர். அழுவார் என்றுதான் நினைத்தேன். முகமெல்லாம் வெளிச்சம்!

"பாத்தியா? நான் சொன்னேன்ல, எல்லாமே பின்பாரத்துல இருக்குன்னு!"

"நீங்க குறைக்கத்தானே சொன்னீங்க?"

"குறைச்சதாலதானே கூட்டணும்னு கண்டுபிடிச்சேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்மேல் சாய்ந்தாள். ஹாரன் நீளமாக அலறியது. என்ன சங்கதி என்று தெரியாமலே அவரும் சேர்ந்து சிரித்தார்.

இப்போது நம்மவர் கூம்பு நிறுத்துகிறார். வருத்தமா? நல்ல கதை! எந்தக் காரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கூட்ட வேண்டும் என்ற கண்டுபிடிப்பு அன்றோடு மறந்துபோயிற்று. "டேங்க் எவ்ளோ? பாதியா? அடடா, அஞ்சு லிட்டர் ஜாஸ்தி!" என்று ஒவ்வொரு கண்ணாடியிலும் தட்டிச் சொல்கிறார். கேட்டவர்கள் அன்றைக்குக் கூம்பைத் தட்டாமல் திரும்புவதில்லை. அவருக்கும் வேலை குறைவதில்லை.

பாவம் என்கிறீர்கள். உங்களுக்கும் ஆட்டோகிராசுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடக்கப் போகிறேன் என்று சொல்லி மூன்றாவது ஜோடி ஷூ வாங்கினீர்களே, அது எங்கே இருக்கிறது? வேலையை ஆரம்பிக்குமுன் நாற்காலியை ஓர் அங்குலம் ஏற்றி, பிறகு அரை அங்குலம் இறக்கி, ஜன்னல் திரையைச் சரிசெய்து, பேனாவை மாற்றி... அது யார்? பதில் சொல்ல அவசரமில்லை. முதலில் வசதியாக உட்காருங்கள்.